ஷானனின் அரியர்

1937 ஆகஸ்ட் 10. எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது) 21 வயது மாணவர் ஒருவர் தன் முதுகலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பெயர் கிளாட் ஷானன். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'ரிலே மற்றும் ஸ்விட்ச் சுற்றுகளின் குறியீட்டுப் பகுப்பாய்வு'. பார்த்ததும் தூக்கம் வரும் தலைப்புதான். ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் போன் அந்த ஆய்வேட்டின் வாரிசு.

ஷானன் அங்கே போனது ஒரு பகுதிநேர வேலைக்காக. வானவர் புஷ் கட்டியிருந்த 'டிஃபரன்ஷியல் அனலைசர்' என்ற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. தண்டுகளும் பற்சக்கரங்களும் சுழன்று சமன்பாடுகளுக்கு விடை சொல்லும், அறையை அடைக்கும் இயந்திரம் அது. அதைக் கட்டுப்படுத்த ஏறத்தாழ நூறு ரிலேக்கள் கொண்ட ஒரு மின்சுற்று இருந்தது. ரிலே என்பது மின்சாரமே போட்டு அணைக்கும் ஸ்விட்ச், அவ்வளவுதான். அன்றைய தொலைபேசி நிலையங்கள் முழுக்க இவைதான். ஆனால் இந்தச் சுற்றுகளை வடிவமைக்க முறையான கணக்கு எதுவும் பொறியாளர்களின் கையில் இல்லை. அனுபவம், ஊகம், படம் போட்டுப் பார்ப்பது. வேலை செய்தால் சரி. இதையே இன்னும் குறைந்த ரிலேக்களில் செய்ய முடியுமா என்று கேட்டால் உறுதியாகப் பதில் சொல்ல வழி கிடையாது.

ஷானன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல், கணிதம் என இரண்டு இளங்கலைப் பட்டங்கள் வாங்கியவர். அங்கே தத்துவத் துறையின் தர்க்கப் பாடம் ஒன்றில் ஜார்ஜ் பூலின் இயற்கணிதம் அவருக்கு அறிமுகமானது. 1854-இல் பூல் எழுதிய நூல், உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துச் சிந்தனையைக் கணக்காக்கப் பார்த்தது. எண்பது ஆண்டுகளாகத் தர்க்கவியலாளர்களிடம் மட்டும் புழங்கிய சங்கதி. ரிலேவுக்கும் இரண்டே நிலைகள்தான்: திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். இரண்டும் ஒரே கணக்குதான் என்று காட்டியதே ஆய்வேட்டின் சாரம்.

உதாரணமாக, இரண்டு ஸ்விட்சுகளை வரிசையாக இணைத்தால் 'இதுவும் அதுவும்'. பக்கவாட்டில் இணைத்தால் 'இது அல்லது அது'. 'அ-வும் ஆ-வும், அல்லது அ-வும் இ-யும்' என்ற சுற்றை 'அ-வும், ஆ அல்லது இ-யும்' என்று சுருக்கினால் ஒரு ஸ்விட்ச் மிச்சம். பள்ளியில் பொதுக் காரணியை வெளியே எடுப்போமே, அதே வேலைதான். இனி சுற்றைத் தாளில் சமன்பாடாக எழுதிச் சுருக்கிவிட்டு, பிறகு கம்பியைத் தொடலாம். ஆய்வேட்டின் பின்பகுதியில் ஒரு மின்பூட்டையும், இரண்டடிமான எண்களைக் கூட்டும் சுற்றையும் அவர் வடிவமைத்துக் காட்டினார். வெறும் ஸ்விட்சுகள் கணக்குப் போடும் என்பது அங்கே கறுப்பு வெள்ளையாக இருக்கிறது.

இரண்டு துறைகளையும் ஒருசேர அறிந்தவர் அப்போது வேறு யாரும் இல்லை, அதனால் நடந்தது என்று பின்னாளில் ஷானன் அடக்கமாகச் சொன்னார். அது முழு உண்மை இல்லை. ஜப்பானில் நிப்பான் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் அகிரா நகாஷிமா, 1930-களின் நடுவிலேயே ரிலே சுற்றுகளுக்கான இயற்கணித விதிகளை வெளியிடத் தொடங்கிவிட்டார். அவர் பூலைப் படித்துவிட்டு வரவில்லை. விதிகளைத் தானே கண்டடைந்தார், அது பூலின் கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. மாஸ்கோவில் விக்டர் ஷெஸ்டகோவுக்கு 1935 வாக்கிலேயே இந்த யோசனை வந்துவிட்டது. 1938-இல் அதை ஆய்வேடாக முன்வைத்தார். அச்சேறியதோ 1941-இல். ஷானனின் கட்டுரை 1938-இலேயே ஆங்கிலத்தில் அச்சாகிவிட்டது. அதற்கு ஆல்ஃப்ரெட் நோபிள் பரிசும் கிடைத்தது. (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது அமெரிக்கப் பொறியாளர் சங்கங்கள் தரும் வேறு பரிசு.)

சரி, இவ்வளவு பெரிய ஆய்வேட்டை எழுதியவருக்கு உடனே பட்டம் கொடுத்தார்களா? இல்லை. 1940-இல்தான், கணித முனைவர் பட்டத்தோடு சேர்த்து ஒரே சமயத்தில் முதுகலைப் பட்டமும் கைக்கு வந்தது. முனைவர் பட்டத்துக்கு அன்று அயல்மொழித் தேர்வு கட்டாயம். ஷானன் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பிறகு டியூஷன் வைத்து, சொற்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்து எழுதினார். ஜெர்மனில் ஒரு முறை ஃபெயில். இரண்டாம் முறைதான் தேறினார். நம்ம பாஷையில் சொன்னால், ஷானனுக்கும் அரியர் இருந்தது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு 'பாத்தீங்களா, தேர்வெல்லாம் சும்மா' என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் அந்த விதி அர்த்தமில்லாமல் வந்ததில்லை. அன்றைய அறிவியலில் கணிசமான பகுதி ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இருந்தது. நீ செய்வதை வேறொருவர் வேறொரு மொழியில் ஏற்கெனவே செய்திருக்கலாம், போய்ப் படித்துப் பார் என்பதுதான் அந்தத் தேர்வின் நோக்கம். ஷானன் விஷயத்தில் நடந்ததும் அதுவேதான். ஆனால் அந்த வேறு மொழிகள் ஜப்பானியமும் ரஷ்யனும். ஜெர்மனில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் நகாஷிமாவின் ஜப்பானிய மூலத்தை அவர் படித்திருக்க முடியாது.

தேர்வு சரியான கேள்வியைத்தான் கேட்டது, ஆனால் இரண்டு மொழிகளோடு உலகம் முடிந்துவிட்டது என்று நினைத்தது. இதனால் ஷானனின் சாதனை சிறுத்துவிடவில்லை. அவருடைய ஆய்வேடு அளவுக்குத் தெளிவாக, உடனே கையில் எடுத்து வேலை செய்யும்படி எழுதுவது லேசில்லை. ஆனால் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படித்த நம்மில் பூலையும் ஷானனையும் தெரியாதவர்கள் குறைவு. நகாஷிமா, ஷெஸ்டகோவ் பெயர்களை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் யோசிக்கிற, எழுதுகிற யாருக்கும் இது வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல.