முந்தானையும் பூட்டிய அறையும்

2015 ஆகஸ்ட் 3 அன்று தமிழ்நாட்டின் 352 பேருந்து நிலையங்களில் 'தாய்மார்கள் பாலூட்டும் அறை' திறக்கப்பட்டது. உலகத் தாய்ப்பால் வாரத்தின் மூன்றாம் நாள் அது. தொடங்கி வைத்தவர் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா. 'அம்மா' என்ற சொல் உணவகத்துக்கும் உப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் பெயராகியிருந்த காலம் என்பதால், தாய்மார்களுக்கான அறை என்றதும் பலர் புன்னகைத்துக்கொண்டார்கள். ஆனாலும் இந்தியாவில் வேறெந்த மாநில அரசும் அதுவரை இவ்வளவு பெரிய அளவில் இப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. கைக்குழந்தையோடு ஏழு மணி நேரம் பேருந்தில் போகிறவளுக்கு உடம்பு இருக்கிறது, அதில் பால் கட்டும், குழந்தை அழும் என்பதை ஓர் அரசாணை ஒப்புக்கொண்டது.

அப்படி ஓர் அறை 2015இல் ஏன் தேவைப்பட்டது? நம் பாட்டிகளுக்கு அது தேவைப்படவில்லையே? இந்தக் கேள்விக்குத் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. அந்தக் காலத்தில் பால் கொடுப்பதை யாரும் தப்பாகப் பார்த்ததில்லை, வெள்ளைக்காரன் வந்துதான் வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தான் என்பது ஒன்று. இந்தச் சமூகம் என்றைக்குமே பெண்ணை மூடித்தான் வைத்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. விட்டுப்போன பாதியில் சாதியும் கூலி வேலையும் இருக்கின்றன.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் இன்று எண்பதை நெருங்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், தங்கள் பாட்டிமார் ரவிக்கையே போட்டதில்லை என்பார்கள். சேலைத் தலைப்புதான் மேலாடை, அதுவே குழந்தைக்குப் போர்வை. நடவுக்குப் போகிறவள் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு இறங்குவாள். அழுதால் கரையேறி, சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு, உட்கார்ந்து பால் கொடுப்பாள். அங்கே ஆண்களும் இருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை என்றுதான் நினைவுகள் சொல்கின்றன.

ஆனால் இதைப் பொற்காலமாக எழுத எனக்குக் கை வரவில்லை. வெட்டவெளியில் பால் கொடுத்தவள் வெட்டவெளியில் வேலை செய்தவள். மிராசுதார் வீட்டுப் பெண் பொது இடத்தில் பால் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவள் பொது இடத்துக்கே வரவில்லை. தாழ்வாரத்தைத் தாண்டாத அவளுடைய உடம்புக்கு 'மானம்' என்று பேர் இருந்தது. வரப்பில் உட்கார்ந்தவளின் உடம்புக்கு அந்தப் பேரைக் கொடுக்க ஊர் தயாராக இல்லை. அவளைப் பார்த்து யாரும் கூச்சப்படாததற்கு அதுவும் ஒரு காரணம். அவள் எங்கே உட்கார்ந்து பால் கொடுக்கிறாள் என்று மேஸ்திரி கவலைப்படவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் பார்த்தான்.

மூடுவதற்காகவே பெண்கள் போராடிய வரலாறும் நமக்கு உண்டு. தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதி முழுக்க அடியும் அவமானமும் பட்டார்கள். சந்தையில் சேலை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. 1859இல் மகாராஜாவின் பிரகடனம் மேலாடைக்கு அனுமதி தந்தது, அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. தோள்சீலை அவர்கள் ரத்தம் சிந்தி வாங்கிய மரியாதை. அதனால் மறைப்பு என்றாலே அடக்குமுறை என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. யார் மறைக்கலாம் என்பதை ஒரு நூற்றாண்டில் சாதி முடிவு செய்தது. அடுத்த நூற்றாண்டில் எல்லோரும் மறைத்தே ஆகவேண்டும் என்றானது. உரிமையாகக் கேட்டது கடமையாகித் திரும்பி வந்தது.

பாலுக்கும் இதே கதைதான். ஆங்கிலேயர் காலத்துச் சென்னையில் 'ஆமா' என்றொரு வேலை இருந்தது. போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர், பாலூட்டும் செவிலி என்று பொருள். வெள்ளைக்காரக் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட உள்ளூர்ப் பெண் அவள். அவளுடைய உடம்பில் சுரந்தது பங்களாவுக்குள் போனது. அவள் பெற்ற குழந்தை அந்த நேரத்தில் எதைக் குடித்தது என்று எழுதிவைக்க அந்த வீடுகளில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

வெளியே பாலைப் புகழ்வதில் மட்டும் தமிழுக்குக் குறைவே இல்லை. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள், மகன் புறமுதுகிட்டான் என்பது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையம்மை ஞானப்பால் கொடுத்தாள் என்பது சம்பந்தர் கதை. குளக்கரையும் பொது இடம்தான்! 20ஆம் நூற்றாண்டு மேடைகளில் வீரத்துக்கும் மொழிப்பற்றுக்கும் தாய்ப்பாலையே அளவுகோலாக வைத்தார்கள். மேடையில் பாலைப் பேசிய அதே ஊரில், மேடைக்குக் கீழே குழந்தையோடு வந்திருந்தவள் இருட்டான மூலை தேடிப் போனாள்.

மூலை தேட வைத்தது எது? ரவிக்கை ஒரு காரணம்: தலைப்பை ஒதுக்கினால் போதும் என்றிருந்த வேலை, கொக்கி கழற்றும் வேலையானது. பயணம் இன்னொன்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், பிறகு பேருந்துகள் பெருகியபின், பெண்கள் தங்களுக்கு முன்பின் தெரியாத ஆண்களோடு முழங்கால் இடிக்க உட்கார நேர்ந்தது. வரப்பில் இருந்தவன் மாமன், மச்சான், இல்லையென்றால் பேர் தெரிந்தவன். பேருந்தில் எதிரே இருப்பவன் யாரோ. சினிமா வேறு, மார்பைக் குழந்தையிடமிருந்து எடுத்துச் சுவரொட்டியில் ஒட்டியது. கடைசியாக வந்த கைபேசிக் கேமராவை, இன்று பால் கொடுக்கும் இளம்பெண்கள் எல்லாவற்றுக்கும் முதலில் சொல்கிறார்கள். வெட்கத்தை விடவும் அது பயம். படம் எங்கே போகும் என்று தெரியாத பயம்.

இதற்கிடையில் டப்பா வந்தது. கிளாக்ஸோ, லாக்டோஜன், அமுல் ஸ்ப்ரே. காலண்டரில் கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தை. பால் பவுடர் வாங்குவது படித்த, வசதியான வீட்டின் அடையாளமானது. இன்னொரு வசதியும் அதில் இருந்தது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. புட்டிப்பாலைப் பேருந்தில் எல்லோர் முன்னாலும் கொடுக்கலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் சுத்தமில்லாத ஏழை நாடுகளில் அந்தப் புட்டியே குழந்தைகளைக் கொன்றது என்ற குற்றச்சாட்டு 1970களில் வெடித்தது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே நிறுவனப் புறக்கணிப்பு தொடங்கியது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் விற்பனை நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் தனிச்சட்டம் போட்டு, குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் தடுத்தது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலேயே அச்சிட வைத்தது. நல்ல சட்டம். ஆனால் டப்பாவைக் கீழே வைத்தவள் எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பாள் என்பது அதில் இல்லை.

நேரத்தைப் பற்றி வேறு சட்டங்கள் பேசின. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்க்கு வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை கொடுத்தது. 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. பூக்கூடையோடு சாலையோரம் உட்கார்ந்திருப்பவளுக்கு முதலாளி யார், இடைவேளை யார் கொடுப்பார் என்பதற்கு இந்தச் சட்டங்களில் பதில் தேட வேண்டாம்.

சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் நின்று பார்த்தால் இது புரியும். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, இன்னொரு பக்கம் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை. பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்க வருகிறவர்கள், மகேந்திரா சிட்டிக்கும் மறைமலை நகருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குத் தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கிப் போகிறவர்கள் எல்லோரும் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் சாலையோரத்தில்தான் நிற்கிறார்கள். 352 என்பது பேருந்து நிலையங்களின் கணக்கு. பேருந்து நின்றுவிட்டுப் போகும் இடங்கள் அந்தக் கணக்கில் வராது. இங்கே குழந்தை அழுதால் மூடிய கடையின் படி, கோயில் மண்டபத்தின் தூண் மறைவு, தெரிந்த கடைக்காரம்மாவின் உள்ளறை என்று ஏதாவது ஒன்றைத்தான் தேட வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

கட்டிய அறைகளின் கதையும் நன்றாக இல்லை. திறந்த சில மாதங்களிலேயே பல ஊர்களில் அறை பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை, விளக்குமாறும் பழைய பெஞ்சும் அடுக்கியிருக்கிறார்கள் என்று நாளேடுகள் எழுதத் தொடங்கின. மின்விசிறி ஓடாத, கழிப்பறையை ஒட்டிய, தாழ்ப்பாள் சரியில்லாத அறைக்குள் தனியாகப் போக ஒரு பெண் தயங்கினால் அவளைக் குறை சொல்ல முடியாது. பெண்கள் வரவில்லை, அதனால் பூட்டிவிட்டோம் என்ற விளக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. பூட்டியிருந்ததால் வரவில்லை என்பது அதன் மறுபக்கம்.

செங்கல்பட்டு மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியைக் கவனித்தால் வேறொரு காட்சி. அங்கே பலகையும் திரையும் கிடையாது. குழந்தை சிணுங்கினால் தாய் அப்படியே ஜன்னலோரம் திரும்பி மடியில் போட்டுக்கொள்கிறாள். பக்கத்தில் பூ கட்டுகிறவள் கட்டிக்கொண்டிருக்கிறாள். யாரோ ஒரு அக்கா, "பசியாத்தும்மா, எறங்குற எடம் வந்தா சொல்றேன்" என்கிறாள். அறைகளில் இல்லாதது என்ன என்று பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் ஒரு நாள் இதில் ஏறிப் பார்க்கலாம் (பெண் பொறியாளர்களைத்தான் சொல்கிறேன்).

மறைவைக் கேட்பதா, பார்வையைக் கேள்வி கேட்பதா என்ற விவாதம் பக்கத்து மாநிலத்தில் பெரிதாக எழுந்தது. 2018 மார்ச்சில் கேரளத்தின் 'கிருகலட்சுமி' இதழ், நடிகை கிலு ஜோசப் குழந்தைக்குப் பாலூட்டுவது போன்ற அட்டைப்படத்தை வெளியிட்டது. முறைத்துப் பார்க்காதீர்கள், நாங்கள் பாலூட்ட வேண்டும் என்பது அதன் செய்தி. ஆபாசம் என்று நீதிமன்றம் போனவர்களின் மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பெண்களிடமிருந்தும் விமர்சனம் வந்தது: ஏன் ஒரு உண்மையான தாய் இல்லை, ஏன் மாடலின் உடம்பு? நியாயமான கேள்விதான். ஆனால் அட்டைப்படத்தில் தன் படத்தைக் கொடுக்க எந்தத் தாயின் வீடு சம்மதித்திருக்கும் என்றும் கேட்க வேண்டும்.

அதே 2018 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் மத்திய, மாநில அரசுகளிடம் அடுக்கிய கேள்விகளில் ஒன்று, ஐக்கிய அரபு அமீரகத்தைப் போலத் தாய்ப்பால் கொடுப்பதைக் கட்டாயமாக்கினால் என்ன என்பது. நல்லெண்ணம்தான். ஆனால் தாயை நோக்கி விரல் நீட்டுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். இருந்தும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படும் குழந்தைகளின் விகிதத்தில் தேசியச் சராசரியான 63.7 சதவீதத்தைவிட நாம் கீழே இருக்கிறோம் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பில் இங்கே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். வயிற்றில் தையலோடு கிடப்பவளுக்குக் குழந்தையை மாரில் போட யார் உதவினார்கள், எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினாள் என்று கேட்காமல் கட்டாயம் பேசக் கூடாது.

வேலை என்றதும் மீண்டும் ஸ்ரீபெரும்புதூர் சாலை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று விசாரணைச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது, ஒன்றிய அரசு தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு என்பவைதான் அந்தச் செய்தியில் காரணங்களாகப் பேசப்பட்டவை. தாயாகக் கூடியவளையே வாசலில் நிறுத்திவிட்டால் காப்பகமும் இடைவேளையும் காகிதத்தில் பத்திரமாக இருக்கும்.

2025 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா பி. வராலே அமர்வு, பொது இடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றது. பெண்களின் கண்ணியத்தைக் குறைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் கடமை என்ற அரசியல் சட்டப் பிரிவை நினைவூட்டியது. புதிதாகத் திட்டமிடப்படும் பொதுக் கட்டடங்களில் தாய்க்கும் குழந்தைக்கும் இடம் ஒதுக்கச் சொன்னது. பழைய கட்டடங்களில் முடிந்தவரை செய்யச் சொன்னது. சிங்கப்பெருமாள் கோவில் நிறுத்தத்தில் கட்டடம் என்று சொல்ல ஒரு நிழற்குடைதான். அதில் உட்கார இடம் கிடைத்தால், இப்போதைக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்கள் முதுகைக் காட்டி நின்று மறைத்துக்கொடுக்கிறார்கள்.