விளையாட்டுப் பெட்டிக்கு இன்னொரு தட்டு தேவையா?



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை அணைத்த கையோடு ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, நீங்கள் கணக்குப் பாக்கிற ஆள்தானே. மகன் பிளேஸ்ரேசன் 5க்கு இன்னொரு டிஸ்க் வாங்கித் தா எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். அது தேவைதானோ?" வருமான வரி பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இதே கேள்வி எனது வீட்டிலும் எழுந்தது. அப்போது நான் ஒரு பெரிய பிழையும் விட்டேன். ஆகவே கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

1994 இல் யப்பானில் வெளிவந்த முதலாவது பிளேஸ்ரேசனுக்குள் வன்தட்டே கிடையாது. விளையாட்டு குறுந்தட்டில் இருக்கும். பிள்ளை எந்தக் கட்டம் வரை வந்தான் என்ற பதிவு மட்டும் ஒரு சின்ன மெமறி காட்டில் இருக்கும். அதன் கொள்ளளவு 128 கிலோபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதற்குள் அடங்காது. 2001 இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் தனது எக்ஸ்பொக்ஸ் இயந்திரத்துக்குள்ளேயே 8 ஜிகாபைட் வன்தட்டை வைத்து விற்றது. வன்தட்டு உள்ளே வந்ததும் "இடம் போதாது" என்ற கதையும் கூடவே வந்துவிட்டது.

கணக்காளன் என்ற முறையில் எனக்குப் பிடித்த கட்டம் 2005, 2006 ஆம் ஆண்டுகள்தான். 2005 இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360க்கு 20 ஜிகாபைட் தட்டு. அது நிரம்பியவர்களுக்கு 2007 இல் 120 ஜிகாபைட் தட்டு வந்தது. விலை ஏறத்தாழ 180 அமெரிக்க டொலர். கூட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது மடிக்கணினிக்குப் போடும் சாதாரணத் தட்டு. ஆனால் கடையில் அதே தட்டை மலிவாக வாங்கிப் பொருத்தினால் இயந்திரம் ஏற்காது. 2006 நவம்பரில் வந்த பிளேஸ்ரேசன் 3 இல் சோனி வேறு வழியில் போனது. மூடியைக் கழற்றி எந்த மடிக்கணினித் தட்டையும் போட்டுக்கொள்ளலாம். சோனி தர்மவான், மற்றவர் பேராசைக்காரர் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் தட்டோடு வந்த எக்ஸ்பொக்ஸ் 360 வெளியானபோது 399 டொலர். 60 ஜிகாபைட் பிளேஸ்ரேசன் 3 வெளியானபோது 599 டொலர். ஒருவர் வாசலிலேயே காசை வாங்கினார், மற்றவர் உள்ளே விட்டபிறகு வாங்கினார்.

இனி எனது பிழைக்கு வருகிறேன். 2013 இல் வந்த பிளேஸ்ரேசன் 4 இல் 500 ஜிகாபைட் இருந்தது. தட்டில் வாங்கிய விளையாட்டையும் வன்தட்டில் ஏற்றித்தான் விளையாட வேண்டும் என்பதால் அது கெதியாக நிரம்பியது. ஒரு சனிக்கிழமை நானே ஸ்குறூ டிறைவரோடு இருந்து, 500ஐ எடுத்து 1000 ஜிகாபைட் தட்டைப் போட்டேன். புதுத் தட்டு வெறுமையாக இருக்கும். இயக்க மென்பொருளை யு.எஸ்.பி. குச்சியில் இறக்கி ஏற்ற வேண்டும். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். சிக்கனக்காரன் அல்லவா, கழற்றிய பழைய தட்டை வீணாக்கக்கூடாது என்று அன்றே அழித்து, அலுவலகக் கோப்புகளுக்கு எடுத்துக்கொண்டேன். மகனின் பதிவுகளைப் பிரதி எடுத்தோமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. உதைபந்தாட்டத்தில் இரண்டு வருடமாக அவன் கட்டி எழுப்பிய அணி அதோடு போய்விட்டது.

இடம்பெயர்ந்து ஓடியபோது எங்கள் அம்மா படப்பெட்டியை விட்டுவிட்டு வந்த கதையை அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்று அவன் அதை எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. "பரவாயில்லை அப்பா" என்றுமட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

2020 இல் நிலைமை மாறியது. அந்த மார்ச் மாதம் பிளேஸ்ரேசன் 5 இன் வடிவமைப்பாளர் மார்க் சேர்னி ஒரு நீண்ட விளக்கவுரை நிகழ்த்தினார். பழைய வன்தட்டில் வாசிக்கும் முள் அங்குமிங்கும் ஓடவேண்டும். அந்த ஓட்டத்தைக் குறைக்க, ஒரே தரவைப் பல இடங்களில் எழுதிவைப்பார்களாம். ஸ்பைடர்மேன் விளையாட்டில் சில தரவுகள் 400 தடவை எழுதப்பட்டிருந்தன என்றார். ஒரே பற்றுச்சீட்டை 400 கோவைகளில் போட்டுவைத்தது போல! புதிய இயந்திரத்தின் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. பழையது செக்கனுக்கு 50 முதல் 100 மெகாபைட் வரை வாசித்தது. புதியது 5.5 ஜிகாபைட் வாசிக்கிறது.

ஆக, பிளேஸ்ரேசன் 4 இல் எஸ்.எஸ்.டி. போட்டவர்களுக்குக் காத்திருப்பு ஓரளவு குறைந்தது. பிளேஸ்ரேசன் 5 இல் வேகம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. மேலதிகமாக வாங்குவது இடம் மட்டுமே. முதலில் வந்த பெட்டியில் 825 ஜிகாபைட் என்றாலும், பாவிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 667. 2021 செப்டெம்பரிலிருந்து அதில் இரண்டாவது தட்டைப் பொருத்தலாம். வேகமும் அளவும் பொருந்த வேண்டும், வெப்பம் கடத்தும் தகடும் வேண்டும். எந்த நிறுவனத்தினதும் வாங்கலாம். பழையதைக் கழற்றுவதில்லை, பதிவுகளும் அங்கேயே இருக்கும். என்னைப்போன்ற தகப்பன்மாருக்கு அது பெரிய ஆறுதல். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் மறுபடியும் தனிக் காட் வழியிலேயே போனது. 2020 இல் 1000 ஜிகாபைட் காட் 220 அமெரிக்க டொலர். 2023 இல் இரண்டாவது நிறுவனம் உள்ளே வந்தபிறகுதான் விலையில் போட்டி வந்தது.

அந்தத் தாயாரை மறுநாள் அழைத்தேன். பழைய பிளேஸ்ரேசன் 4 விளையாட்டுக்கள்தான் இடத்தை அடைக்கின்றன என்றால் சாதாரண யு.எஸ்.பி. வன்தட்டே போதும், அதிலிருந்தே விளையாடலாம் என்றேன். புதியவற்றை அதில் வைக்கலாம், விளையாட முடியாது. ஒரு விளையாட்டை அழித்தாலும் அதன் பதிவு அழியாது, திரும்ப இறக்கிக்கொள்ளலாம். இணைய இணைப்பு மெதுவானது, அல்லது மூன்று பிள்ளைகள் ஒரே பெட்டியைப் பங்குபோடுகிறார்கள் என்றால் வாங்குங்கோ, காசுக்குப் பெறுமதி என்றேன்.

"உள்ளுக்குள்ள எத்தனை விளையாட்டு இருக்கு, இந்த மாதம் எத்தனையைத் தொட்டவன் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றேன். கேட்டுவிட்டு வந்தார். இருப்பது பதினான்கு, தொட்டது மூன்று.

"அப்ப வாற வருசம் பாப்பம்" என்றார். பின்னால் ஒரு கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.