முக்கோணத்துள் ஓர் எண்
பிளாஸ்ரிக் பொதிகளின் மீள்சுழற்சித் தகைமை மதிப்பிடப்பட்ட வரலாறு

ஒரு பொதி எப்பொருளால் ஆனது என்பது ஒரு வினா. பயன்பட்டுக் கழிந்தபின் அது மீண்டும் மூலப்பொருளாகுமா என்பது வேறொரு வினா. பிளாஸ்ரிக் பொதியிடலின் வரலாற்றிலே இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றெனவே கொள்ளப்பட்டன. அம்மயக்கத்தின் தோற்றத்தை ஆராய்வதற்கு 1988ஆம் ஆண்டு தகுந்த தொடக்கமாகும்.

அவ்வாண்டில் அமெரிக்கப் பிளாஸ்ரிக் கைத்தொழிற் சங்கம் பிசின் வகைகளுக்கு 1 முதல் 7 வரையான குறியெண்களை வகுத்தது. பெற் எனச் சுருக்கி வழங்கும் பொலியெதிலீன் தெரப்தலேற்று 1 எனவும், அடர்த்தி கூடிய பொலித்தீன் 2 எனவும், பீ.வீ.சீ. 3 எனவும் எண் பெற்றன. முதல் ஆறு வகையுள் அடங்காதன யாவும் 7 ஆயின. தரம்பிரிப்போருக்கு உதவுவதே கூறப்பட்ட நோக்கம். ஆயின் எண்ணைச் சூழ இடப்பட்டதோ, ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளாலான முக்கோணம். மீள்சுழற்சிக் காகிதத்திற்கென நடந்த போட்டியொன்றுக்கு 1970இல் கரி அன்டர்சன் என்னும் மாணவர் வரைந்த சின்னத்தின் சாயல் அதிலே வெளிப்படை. பொருளின் பெயரைச் சுட்டிய எண், மக்கள் கண்ணுக்கு ஓர் உறுதிமொழியாகவே தோன்றிற்று. அம்புகளை நீக்கி வெறும் முக்கோணத்தை இடும் நியமம் 2013இலேயே வந்தது. இருபத்தைந்து ஆண்டுத் தாமதத்தைத் தற்செயல் எனக் கொள்ளுதல் கடினம்.

எண் எவற்றைச் சொல்லாது விட்டது என்பதை ஆலையின் நீர்த்தொட்டியில் வைத்து நோக்கலாம். நொறுக்கிய துணுக்குகளை நீரிலிடுங்கால், ஏறத்தாழ 1.38 அடர்த்தியுடைய பெற் ஆழும், 0.90 அளவான பொலிப்புரோப்பிலீன் மூடி மிதக்கும். எனவே மூடி வேற்றுப் பிளாஸ்ரிக்காயினும் பெரும் இடரில்லை. பீ.வீ.சீ. மேலுறையோ பெற்றோடு சேர்ந்தே ஆழ்ந்துவிடும். பெற்றை உருக்குதற்கு வேண்டிய 250 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது சிதைந்து ஐதரசன் குளோரைட்டை வெளிவிட, தெளிந்திருக்கவேண்டிய பிசின் மஞ்சளிக்கும். இதற்குச் சிறிதளவே போதும். தொடக்ககாலப் பெற் போத்தல்களில், உருண்ட அடியை நிமிர்த்தி நிறுத்தப் பொலித்தீன் கிண்ணமொன்று பசையிட்டு ஒட்டப்பட்டது, மூடி அலுமினியத்தாலானது. கிண்ணம் மிதந்தது, அலுமினியம் பெற்றுடன் ஆழ்ந்தது, பசை எளிதில் அகலவில்லை. இவ்வளவிருந்தும் போத்தலின் எண் 1 தான். அவ்வாறே எண் 2 தாங்கிய ஊதுவார்ப்புப் போத்தலும் உட்செலுத்து வார்ப்புக் கிண்ணமும் உருகுநிலையில் ஒருபோற் பாயா. கரிக்கறுப்பு ஊட்டிய தட்டை, அகச்சிவப்புக் கதிரால் இனங்காணும் தரம்பிரிப்புப் பொறி காண்பதேயில்லை.

ஆகவே மதிப்பிடப்படவேண்டியது பிசின் அன்று, வடிவமைப்பே என்னும் தெளிவு படிப்படியாகவே உருவாயிற்று. இதில் யப்பானின் அனுபவம் ஊன்றி நோக்கத்தக்கது. பெற் போத்தல் உற்பத்தியாளர் 1992இல் தாமே வடிவமைப்பு நெறிகளை வகுத்துக்கொண்டனர். 2001இல் அந்நெறிகள் நிறமூட்டிய போத்தல்களையே விலக்கின. நிறம் கலந்த துணுக்கு மீண்டும் தெளிந்த போத்தலாகாது என்பதே காரணம். பச்சைத் தேநீரையும் நிறமற்ற போத்தலில் அடைத்து, ஒளிகாக்கும் வேலையை மேலுறையிடம் விடவேண்டியதாயிற்று. இதனை வெறும் நன்மனப்பாங்கின் விளைவு எனப் புகழ்வோர், 1995இல் இயற்றப்பட்ட கொள்கலப் பொதி மீள்சுழற்சிச் சட்டத்தை மறந்துவிடுகின்றனர். அச்சட்டம் மீள்சுழற்சிச் செலவின் ஒரு பங்கை உற்பத்தியாளர் மீதும் போத்தலைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் மீதும் சுமத்தியது. தாமே செலவேற்குமிடத்துத் தன்னொழுக்கம் எளிதாகின்றது.

தென்கொரியாவின் பாதை வேறு. சீனா 2018 தொடக்கத்தில் பிளாஸ்ரிக் கழிவு இறக்குமதியைத் தடுத்ததும், அவ்வாண்டு ஏப்ரலில் சியோலின் அடுக்குமாடிகளில் கழிவு சேகரிப்போர் பிளாஸ்ரிக்கை ஏற்க மறுத்தனர். குவிந்த கழிவே சட்டத்தைப் பிறப்பித்தது எனலாம். 2019 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச்சட்டம் குடிநீர், மென்பானப் போத்தல்களில் நிறமூட்டிய பெற்றைத் தடுத்ததோடு, பொதிகளை நான்கு தரங்களாக வகுத்தது. கடைத்தரம் பெற்ற பொதி, ‘மீள்சுழற்சி கடினம்’ எனத் தன்மேலேயே அச்சிட்டுக்கொள்ளவேண்டும். அழகுசாதனத் தொழிலினர் இதனை வன்மையாக எதிர்த்தமை வியப்பன்று. அவர்தம் சிமிழ்களின் கவர்ச்சியே நிறத்திலும் பல்பொருட் கலப்பிலும் தங்கியிருந்தது.

2025 பெப்ரவரியில் வலுப்பெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி இம்மதிப்பீட்டைச் சந்தை உரிமையோடு பிணைத்துள்ளது. வடிவமைப்பு நோக்கிற் பொதிகள் ஏ, பீ, சீ எனத் தரம் பெறும். 70 சதவீதத்துக்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு 2030 முதல் சந்தையில் இடமில்லை. 2038 முதல் சீ தரமும் விலக்கப்படும். இவ்விதியின் உண்மையான கடுமை இவ்வெண்களில் இல்லை. வடிவம் குறையற்றதாயினும், அப்பொதி பேரளவிற் சேகரிக்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, நடைமுறையில் மீள்சுழற்சி செய்யப்படுகின்றதா என்பதும் 2035 முதல் கணக்கில் எடுக்கப்படவுள்ளது. அம்புக்குறிச் சின்னம் 1988இல் கேளாமலே விட்ட வினா அதுவே.