காரணியும் காரணமும்: இரத்தத்தில் மறதியைத் தேடிய வரலாறு

முதுமையில் அறிவு தளர்வதைக் குறிக்கத் தமிழர் வழக்கில் சொற்பஞ்சம் இல்லை. யாழ்ப்பாணத்தார் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். பேராக் தோட்டப்புறங்களில் மலாய் மொழியோடு ஊடாடி வாழ்ந்த நமக்கு 'ஞாஞுக்' என்னும் சொல்லும் அயலானதன்று. இவை ஒருவரது நிலையைச் சொல்வனவேயன்றி, அந்நிலை எதனால் வந்தது என்று சொல்வன அல்ல. எதனால் என்னும் வினாவை மருத்துவம் எழுப்பிய வரலாற்றையும், அவ்வரலாற்றில் ஒரு கலைச்சொல் விளைக்கும் குழப்பத்தையும் இங்கு ஆராய்வோம்.

ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், 1901இல் தாம் கண்ட 51 வயதுப் பெண்ணொருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, அதிலிருந்த படிவுகளையும் நார்ச்சிக்கல்களையும் 1906 நவம்பரில் விவரித்தார். 1910இல் கிரேப்பலின் எழுதிய பாடநூல் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டது. அப்படிவுப் பொருளுக்கு வழங்கும் 'அமிலாய்டு' என்னும் பெயரின் பொருள் 'மாவுச்சத்துப் போன்றது' என்பதாகும். அயோடின் பட்டதும் நிறம் மாறியதைக் கண்டு 1854இல் ஃபிர்கோ வழங்கிய பெயர் அது. பொருள் மாவுச்சத்தன்று, புரதமே என்பது சில ஆண்டுகளிலேயே தெளிவாயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. மொழியியலாளராகிய நமக்கு இதில் வியப்பில்லை.

உயிரோடிருப்பவரின் மூளையைத் திறந்து பார்த்தல் இயலாது. ஆதலின் ஆய்வாளர் இரத்தத்தை நாடினர். இங்கு அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் என்னும் சிற்றூர் முதன்மை பெறுகிறது. 1948இல் அவ்வூர் மக்கள் 5,209 பேரைக் கொண்டு இதயநோய் ஆய்வு தொடங்கியது. 1961இல் அவ்வாய்வினர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'இடர்க் காரணிகள்' என்னும் தொடர் இடம்பெற்றது. அதன்பின் அது உலகெங்கும் பரவிற்று.

அதே ஊரின் மறதிநோய் ஆய்வை முன்னின்று எழுதியவர், இந்தியாவில் மருத்துவம் பயின்ற சுதா சேஷாத்ரி. நோயற்ற முதியோர் 1,092 பேரின் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருளை அளந்து, அவர்களை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். 111 பேருக்கு அறிவுத்தேய்வு நோய் வந்தது. அவருள் 83 பேருக்கு அல்சைமர். ஹோமோசிஸ்டீன் லிட்டருக்கு 14 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தோர்க்கு அல்சைமர் இடர் ஏறக்குறைய இருமடங்கு என 2002இல் அறிவித்தனர்.

ஃபோலேட்டும் வைட்டமின் பி12உம் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் உயரும். அவ்விரண்டையும் கொடுத்தால் நோய் நிற்குமா? 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அல்சைமர் ஏற்கெனவே வந்திருந்த 409 பேரிடம் பி வகை வைட்டமின்களால் அறிவுத் தளர்ச்சி குறையவில்லை. 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வோ, சிறு மறதி மட்டுமே உடைய முதியோரிடம் மூளை சுருங்கும் வேகம் குறைந்ததைக் கண்டது. ஆக, குறி ஒன்று நோயை முன்னறிவிக்கலாம். அதனாலேயே அது நோயின் காரணம் ஆகிவிடாது.

நம் மொழியின் சிக்கல் இங்கேதான். தமிழ்ப்பள்ளிக் கணக்குப் பாடத்தில் 'காரணி' தீங்கற்ற சொல். ஆறுக்கு இரண்டு காரணி. மருத்துவத்துள் அச்சொல் வந்ததும் கேட்பவர் செவியில் 'காரணம்' என்றே ஒலிக்கிறது. ஆங்கிலச் சொல்லும் 'செய்' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்ததே. ஆனால் அவ்வுறவை ஆங்கிலேயர் பெரும்பாலும் உணர்வதில்லை. தமிழர்க்கோ உறவு வெளிப்படை.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 2018இல் நடந்த மலேசியத் தேசிய உடல்நல ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினர்க்கு அறிவுத்தேய்வு இருக்கக்கூடும் என்றது. சிம்பாங் பூலாயில் வாழும் மூத்தோர் ஒருவரின் பரிசோதனைத் தாளில் ஹோமோசிஸ்டீன் உயர்ந்திருந்தால், 'காரணி இருக்கிறது' என்று கேட்ட பிள்ளைகள் நோய் வந்துவிட்டதாகவே முடிவு கட்டலாம். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்க்கு பி12 குறைவதுண்டு. அக்குறையாலேயே மறதியும் தடுமாற்றமும் வரக்கூடும்; உரிய காலத்தில் கண்டறிந்தால் அதற்கு மருத்துவம் உண்டு. 'அல்சைமர்தான்' என்று கைவிடப்பட்டவர்க்கு அவ்வாய்ப்பும் போய்விடும்.

2025 மே மாதம் அமெரிக்க அரசு இசைவளித்த இரத்தப் பரிசோதனை வேறு வகையினது. மூளையில் அமிலாய்டு படிந்துள்ளதா என்பதை இரத்தப் புரதங்களின் விகிதத்தால் உய்த்துணர உதவுவது அது. 55 வயதுக்கு மேல், மறதி அறிகுறி உடையோர்க்கே உரியது. ஹோமோசிஸ்டீன் வரக்கூடியதைச் சொல்கிறது. இதுவோ வந்துவிட்டதைத் தேடுகிறது. இரண்டையும் 'காரணி' என்னும் ஒரே சொல்லால் வழங்குதல் தகாது. முன்னதற்கு 'இடர்க்குறி' என்றும் பின்னதற்கு 'நோயடையாளம்' என்றும் கொள்ளலாம் என்பது நம் கருத்து. காரணம் என மெய்ப்பிக்கப்பட்டதற்கு மட்டும் காரணி என்னும் சொல்லை ஒதுக்கிவைக்குமாறு கலைச்சொற் குழுவினரை வேண்டுகிறோம்.