தலைநகருக்கு ஆறு ஆண்டுகள்

விமான நிறுவனமொன்றின் வழித்தட வரைபடத்தை ஊர்களின் பட்டியலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதில் ஓர் அரசின் மனத்தையும் வாசிக்கலாம்.

ஷாங்காயில் 1981இல் வாங் செங்ஹுவா தொடங்கிய சிறு பயண முகவர் நிலையத்திலிருந்து கிளைத்தது, தனியார் நிறுவனமான ஸ்பிரிங் ஏர்லைன்ஸ். 2005 ஜூலை 18 அன்று அதன் முதல் விமானம் கடலோர நகரான யாந்தாய்க்குப் பறந்தது. வருவாய் மிகுந்த பெருந்தடங்களோ அரசு நிறுவனங்களின் வசம் இருந்தன. ஜினான் நகருக்கு ஒரு யுவானுக்குப் பயணச்சீட்டு விற்றதற்காக அபராதமும் விதிக்கப்பட்டது.

2010இல் ஜப்பானின் இபராக்கியை எட்டிய இந்நிறுவனத்துக்கு, ஷாங்காய்-பெய்ஜிங் தடம் 2011இல்தான் கிட்டியது. கடல் கடப்பது எளிதாயிற்று. சொந்தத் தலைநகரை அடைவதே அரிதாயிற்று. உரிமம் தருவது வேறு, வழிவிடுவது வேறு என்பதை இவ்வரலாற்றில் காண்கிறோம்.