தேதி வரிசையில் புதுமைப்பித்தன்

சிதம்பரத்திலிருந்து ரயிலில் போகும்போது திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வந்தாலே எனக்குப் புதுமைப்பித்தன் ஞாபகம்தான். 1906-ல் அவர் பிறந்த ஊர். குடும்பம் திருநெல்வேலிக்காரங்க. மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனை ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

அவர் கதைகளைத் தொகுத்த ஆ.இரா. வேங்கடாசலபதியைப் பற்றி எழுதத்தான் இந்தக் குறிப்பு. 1948-ல் புதுமைப்பித்தன் இறந்தபோது எழுத்துகள் பல இதழ்களில், பல புனைபெயர்களில் சிதறிக் கிடந்தன. நூலாகாதவற்றைத் தேடியெடுத்து 1998-ல் ‘அன்னை இட்ட தீ’ வந்தது. பிறகு 2000-ல் காலச்சுவடு வெளியீடாக முழுச் சிறுகதைத் தொகுப்பு, முதலில் அச்சான தேதி வரிசையில். (எங்க பாஷையில் சொன்னா, கிட் லாக்.)

வரிசைதானே என்று தோணலாம். யதார்த்தக்காரர், நடுநடுவே பேய்க்கதையும் எழுதிப் பார்த்தார் என்றுதான் நானும் நினைச்சிருந்தேன். 1943-ஐப் பாருங்க. பேயா பெண்ணா என்று திகைக்க வைக்கும் ‘காஞ்சனை’. மனைவியின் சாவைச் சொல்லும் ‘செல்லம்மாள்’. கடவுள் சென்னைக்கு வந்து இறங்கும் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. மூணும் ஒரே வருஷம், அதுவும் கலைமகளில். பொருள்வாரியா பிரிச்சு அடுக்கியிருந்தா இது என் கண்ணில் பட்டிருக்காது. இப்போ செல்லம்மாளைக் காஞ்சனைக்குப் பக்கத்தில் வைக்காமல் என்னால் படிக்க முடியலை.