யூஎஸ்பி சேமிப்புக் கருவிகளின் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும்

யூஎஸ்பி சேமிப்புக் கருவியிலிருந்து கணினி தரவைப் பெறும் விரைவு படிக்கும் வேகம் என்றும், அதில் தரவைப் பதிக்கும் விரைவு எழுதும் வேகம் என்றும் வழங்கப்படுகின்றன. இரண்டும் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று குறிக்கப்படும். 2000-ஆம் ஆண்டில் வெளியான யூஎஸ்பி 2.0 தரம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட் வரை இடமளித்தாலும், பரிமாற்ற நெறிமுறைக்கே ஒரு பங்கு செலவாவதால் நடைமுறையில் 40 மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0 இவ்வரம்பை 5 கிகாபிட்டாக உயர்த்திய பின், பென் டிரைவ்களின் வேகத்தைப் பெரும்பாலும் அவற்றின் உள்ளிருக்கும் ஃபிளாஷ் நினைவகமும் அதை இயக்கும் கட்டுப்படுத்திச் சில்லுமே தீர்மானிக்கின்றன.

ஃபிளாஷ் நினைவகத்தில் தரவு பக்கம் எனப்படும் சிறு அலகுகளில் எழுதப்பட்டாலும், எழுதிய பக்கத்தின் மேல் மீண்டும் எழுத இயலாமல், பல பக்கங்கள் அடங்கிய தொகுதி முழுவதையும் முதலில் அழிக்க வேண்டியிருப்பதால், எழுதும் வேகம் படிக்கும் வேகத்தினும் குறைவாகவே அமைகிறது. சிறு கோப்புகள் பலவற்றை எழுதும்போது இச்சுமை மேலும் கூடும்; ஆகவே ஒரே பெரிய காணொளிக் கோப்பை நகலெடுத்துக் கண்ட அளவை, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்கும் பொருத்திப் பார்ப்பது தவறு. உறையில் படிக்கும் வேகத்தை மட்டும் அச்சிட்டு எழுதும் வேகத்தைக் கூறாது விடும் வழக்கம் வாங்குவோருக்கு நியாயம் செய்வதன்று. இயங்குதளம் தரவை முதலில் கணினியின் நினைவகத்தில் தேக்கி வைத்துப் பொய்யான உயர்வேகத்தைக் காட்டக்கூடும் என்பதால், அந்நினைவகத்தினும் பெரிய கோப்பைக் கொண்டு அளப்பதே நம்பத்தக்கது.